கேமரா கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி? செங்கோட்டையிலிருந்து ஒரு பெட்டி நிறைய

செங்கோட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். கையில் மூன்று வகைக் கேசட்டுகள் இருக்கின்றன. முதலாவது மினிடிவி (MiniDV). அப்பா எடுத்தவை. ஆரியங்காவு திருக்கல்யாணம், குற்றாலச் சாரல், 2010-இல் நிறுத்தப்படுவதற்குமுன் ஓடிய புனலூர் மீட்டர்கேஜ் ரயில் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது, சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவின் 8 மில்லிமீட்டர் கேசட்டுகள். கேமரா இப்போது இல்லை. மூன்றாவது, வீட்டுக் கல்யாணங்களின் வி.எச்.எஸ்.

மினிடிவி கேமரா ஓடுகிறது. பேட்டரி செத்துவிட்டது, அடாப்டரைச் செருகினால் உயிர் வருகிறது. அதன் யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகினால் புகைப்படங்கள் மட்டும் தெரிகின்றன, வீடியோ வரவில்லை. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கேசட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டிவிடியில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா, நானே செய்யலாமா?

பழைய டெக், களியக்காவிளை

தம்பி, கேமரா ஓடுகிறது என்றீர்களே, பாதி வேலை முடிந்தது. கேசட் இன்னும் சில காலம் தாங்கும். அதை ஓட்டுகிற இயந்திரம்தான் தாங்காது. வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் ஜப்பானின் ஃபுனாய். அதுவும் 2016-இல் நிறுத்திவிட்டது. மினிடிவி கேமராவும் இப்போது யாரும் செய்வதில்லை. ஆகவே ஓடுகிற கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் முதலில் பத்திரப்படுத்துங்கள்.

அந்தக் காலத்துக் கேமராவில் யுஎஸ்பி துளை, மெமரி கார்டிலுள்ள புகைப்படங்களுக்காக வைத்தது. சில மாடல்களில் வீடியோவும் வரும், ஆனால் வெப்கேம் தரத்தில். கேசட்டில் இருப்பதை இருந்தபடி எடுக்க 'டிவி' (DV, தொலைக்காட்சி அல்ல) என்றோ, சோனியாக இருந்தால் 'ஐ.லிங்க்' என்றோ எழுதிய சின்னஞ்சிறு 4 பின் துளை ஒன்று இருக்கும், மூடிக்குள் பாருங்கள். அதுதான் ஃபயர்வயர். மினிடிவியில் படம் எண்களாகவே பதிந்திருக்கிறது. ஃபயர்வயரில் எடுத்தால் அந்த எண்களை அப்படியே நகலெடுக்கிறோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரில் எடுத்தால் நல்ல டிஜிட்டல் படத்தை அனலாக் ஆக்கி, மறுபடியும் டிஜிட்டல் ஆக்குகிறோம். இடையில் போனது போனதுதான்.

கடைக்காரரிடம் எந்த வயரில் எடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஏவி வயர் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். டிவிடியில்தான் தருவேன் என்றாலும் அப்படியே, அது படத்தை இன்னொரு முறை சுருக்கித் தருவது.

நெய்யாற்றங்கரை பஸ்

இவ்வளவு சிரமம் எதற்கு? டிவியில் ஓடவிட்டு, எதிரே போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் பிடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும்.

பழைய டெக், களியக்காவிளை

முடிந்துவிடும். மின்விசிறிச் சத்தமும், திரையில் உங்கள் ட்யூப்லைட்டும் சேர்ந்து பதிவாகும்.

செங்கோட்டை வாசி

அண்ணாச்சி, துளை இருக்கிறது! மூடிக்குள் ஒளிந்திருந்தது. ஆனால் என் லேப்டாப்பில் அப்படியொரு துளையே இல்லை. ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யுஎஸ்பி உள்ள கேபிள் இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

வாங்கவே வாங்காதீர்கள். ஃபயர்வயரும் யுஎஸ்பியும் தகவல் அனுப்பும் முறையே வேறு. இரண்டு பிளக்குகளை ஒரு கம்பியில் ஒட்டினால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது. அந்தக் கேபிளுக்குள் சில்லு எதுவும் கிடையாது, வெறும் கம்பிதான். வேலை செய்யாது என்பதோடு போனால் பரவாயில்லை, தவறான மின்னழுத்தம் ஏறினால் கேமராவின் டிவி துளையே பொசுங்கிவிடும்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. மேசைக் கணினி இருந்தால் பிசிஐஇ ஃபயர்வயர் கார்டு வாங்கிச் செருகுவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சில்லு உள்ள கார்டானால் நல்லது, வியா சில்லும் பெரும்பாலும் ஓடும். இரண்டாவது, ஃபயர்வயர் துளையுள்ள பழைய லேப்டாப்பைத் தேடிப் பிடிப்பது. 2005 முதல் 2010 வரை வந்த பல லேப்டாப்புகளில் இருந்தது, உறவினர் வீட்டுப் பரணில் கட்டாயம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இதுதான் எனக்குப் பிடித்த வழி. மூன்றாவது மேக். தண்டர்போல்ட்டிலிருந்து ஃபயர்வயருக்கு அடாப்டர் மேல் அடாப்டராகச் செருகிச் செய்யலாம். ஆனால் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஆப்பிள் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. மேக் வைத்திருப்பவர்கள் அப்டேட் பொத்தானைத் தொடும்முன் யோசியுங்கள்.

விண்டோஸில் வின்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். விண்டோஸ் 10, 11-இல் சில கார்டுகளுக்கு 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) லெகசி டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். நான் லினக்ஸில் டிவிகிராப் (dvgrab) பயன்படுத்துகிறேன். ஆட்டோஸ்பிளிட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், பதிவு நின்று மறுபடி தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் கோப்பைத் தானே வெட்டிக்கொடுக்கும்.

ஃபயர்வயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மினிடிவியில் ஒவ்வொரு பிரேமோடும் எடுத்த தேதியும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கும். ஃபயர்வயரில் எடுத்தால் அதுவும் கூடவே வரும், கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட வைக்கலாம். ஏவி வயரில் எடுத்தால் அந்தத் தகவல் அழிந்தது. புனலூர் ரயில் கேசட்டுக்கு அந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பா கேமராக் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தாரா என்பது வேறு விஷயம்.

ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும், வேகப்படுத்த வழியில்லை. நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து என்பதால் யுபிஎஸ் இருந்தால் நல்லது.

புளியரை மீட்டர்கேஜ்

புனலூர் மீட்டர்கேஜ் என்று கண்ணில் பட்டதும் உள்ளே வந்துவிட்டேன். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வருகிறதா? 1904-இல் போட்ட பாதை ஐயா அது. 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள், அகலப்பாதையாக மறுபடி முழுதும் திறந்தபோது 2018 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்தையே மறந்துபோனார்கள். அந்தக் கேசட்டை முதலில் ஏற்றுங்கள், கல்யாணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செங்கோட்டை வாசி

பாலம் இருப்பதாக உறையில் அப்பா எழுதியிருக்கிறார். ஏற்றியதும் சொல்கிறேன்.

ஏலமலைக்காரி, வண்டன்மேடு

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு வி.எச்.எஸ். கேசட்டுகளில் கண்ணாடி வழியே பார்த்தால் ரீலின்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. ஆனியில் மழை தொடங்கினால் எங்கள் மலையில் செருப்பிலேயே பூஞ்சை பூக்கும், கேசட்டில் பூத்ததில் வியப்பில்லை. என் கணவர் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இரண்டு நாள் வைத்தால் காய்ந்துவிடும் என்கிறார். வைக்கலாமா?

பழைய டெக், களியக்காவிளை

சகோதரி, ஸ்டோரில் வைக்க வேண்டாம். ஏலக்காய் காயும் சூட்டில் கேசட்டின் பிளாஸ்டிக் கூடு நெளியலாம், நாடா சுருங்கலாம். வெயிலிலும் காயப்போடாதீர்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போடவும் கூடாது. போட்டால் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடைத்து வையுங்கள். நிறம் மாறுகிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் பூஞ்சை உலர்ந்து பொடியாகும். பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து, கூட்டின் அடிப்பக்க ஐந்து ஸ்குருவைக் கழற்றி, ரீல்களின் ஓரத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். நாடாவின் மின்னும் பரப்பைக் கையால் தொடவே கூடாது. அதன் பிறகு, போனால் போகட்டும் என்று ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில் முழுதும் முன்னோக்கிச் சுற்றி, முழுதும் பின்னோக்கிச் சுற்றுங்கள். அதற்கப்புறம்தான் நல்ல டெக். பூஞ்சை நாடாவின் முகத்திலேயே ஏறியிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

ஹெட் துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். சலவை ரூபாய் நோட்டை வைத்துத் துடைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். எத்தனையோ டெக்குகளின் ஹெட் அப்படித்தான் பெயர்ந்து என் மேசைக்கு வந்தது. பஞ்சுக் குச்சியும் ஆகாது, பஞ்சிழை ஹெட்டின் நுனியில் மாட்டி அதை ஒடித்துவிடும். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். நல்ல வெள்ளைத் தாளை விரலகலத்துக்குக் கிழித்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பொருந்தியிருக்கும், சாய்ந்து நிற்கும் டிரம்மின்மேல் ஒரு விரலால் லேசாக ஒற்றிப் பிடியுங்கள். தாளை அசைக்காதீர்கள். மறுகையால் டிரம்மின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஹெட் கடந்து போகும்போது தாளில் ஒரு சிறு உரசல் தெரியும். எடுத்துப் பார்த்தால் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மேலும் கீழுமாக மட்டும் தேய்த்துவிடாதீர்கள், ஹெட் போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகே கேசட் போட வேண்டும்.

ஏலமலைக்காரி, வண்டன்மேடு

மிக்க நன்றி அண்ணா. ஸ்டோர் விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டிவிட்டேன். இனி கேசட்டின் பக்கம் வரமாட்டார்.

பாறசாலை மாமா

எனக்கு இதில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டுகளை 2003 வாக்கில் கடையில் கொடுத்து விசிடியாக மாற்றி வைத்திருக்கிறோம். விசிடி இன்னும் ஓடுகிறது. இனி கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா? அலமாரியில் இடமில்லை என்று வீட்டில் தினமும் பேச்சு.

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

போடாதீர்கள் மாமா. அந்த விசிடி கல்யாணத்தின் நகலே அல்ல, நிழல்தான். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) முறையில் படம் 576 கோடுகள். அதை ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளாகப் பிரித்து நொடிக்கு 50 அரைப்படங்களாகக் காட்டுகிறார்கள். விசிடியில் 352-க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். அதாவது பாதி அரைப்படங்களைக் கடையிலேயே கொட்டிவிட்டார்கள். மாலை மாற்றும்போது கை அசைவு விசிடியில் வெட்டி வெட்டித் தெரியும்; அதே கேசட்டை டெக்கில் போட்டுப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். வெடி வெடிக்கிற இடத்திலும் மேளக்காரர் கையிலும் கட்டங்கட்டமாகத் தெரிவதும் விசிடியின் சுருக்கத்தால் வந்தது, கேசட்டில் கிடையாது.

எழுதும் வகை சிடி, டிவிடிகளின் அடியிலுள்ள சாயமும் காலப்போக்கில் மங்கும். கேசட்டை நல்ல முறையில் மறுபடி ஏற்றிய பிறகு தூக்கிப் போடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நான் போடமாட்டேன்.

பாறசாலை மாமா

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யாராவது தனி இழை தொடங்குங்கள்.

செங்கோட்டை வாசி

பெரியம்மா மகன் வீட்டில் ஐ.லிங்க் துளையோடு ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது. 4 பின்னுக்கு 4 பின் கேபிள் வாங்கினேன். கேமராவை பிளே நிலையில் வைத்ததும் வின்டிவி அடையாளம் கண்டுகொண்டது. திருக்கல்யாணக் கேசட் ஓர் இடறல் இல்லாமல் ஏறிவிட்டது. ஆனால் குற்றாலக் கேசட்டில் படம் முழுக்கக் கிடைமட்டப் பட்டைகள். ஒரு பட்டையில் அருவி விழுகிறது, அடுத்த பட்டையில் அப்படியே உறைந்து நிற்கிறது, மறுபடியும் விழுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

பழைய டெக், களியக்காவிளை

கேசட் நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள். மினிடிவி டிரம்மில் இரண்டு ஹெட்டுகள், நிமிடத்துக்கு 9000 சுற்று. ஒரு படத்தை 12 தடங்களாகப் பிரித்து இரண்டு ஹெட்டும் மாறி மாறி எழுதும், மாறி மாறிப் படிக்கும். ஒன்று அடைத்துக்கொண்டால் ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டை உறையும். ஹெட் கிளீனிங் கேசட் கிடைத்தால் பத்து நொடிக்குமேல் ஓட்டாதீர்கள், அது உப்புத்தாள் போன்றது. மினிடிவி டிரம் சிறியது, திறந்து தாளால் துடைக்க எல்லோர் கையும் பழகாது.

மலையிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ கொண்டுவந்த கேமராவை உடனே ஓட்டவும் வேண்டாம். டிரம்மில் பனி கோத்து நாடா ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை உணர்ந்து கேமராவே எச்சரிக்கை காட்டும். காட்டினால் கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் பொறுங்கள். சாரல் காலத்தில் உங்கள் ஊரில் இது நடக்கும்.

துடைத்த பிறகும் ஒரே கேசட் மட்டும் தகராறு செய்தால் அது எல்.பி. என்ற மெதுவான வேகத்தில் எடுத்ததா என்று பாருங்கள். எஸ்.பி. என்ற சாதாரண வேகத்தில் தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்.பி.யில் 6.7 மைக்ரான்தான். எல்.பி. கேசட்டை எடுத்த கேமராவைத் தவிர வேறு கேமரா பல நேரம் படிக்க மறுக்கும். அப்பாவின் கேமராவே உங்களிடம் இருப்பது அதிர்ஷ்டம்.

ஏற்றும்முன் எல்லாக் கேசட்டின் தாழ்ப்பாளையும் 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். வி.எச்.எஸ்.ஸில் முதுகுப் பக்கச் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்திக் கல்யாணத்தின்மேல் சுவரைப் பதிந்தவர்கள் உண்டு.

செங்கோட்டை வாசி

கிளீனிங் கேசட் ஓட்டியதும் பட்டை போய்விட்டது! அடுத்து சித்தப்பாவின் 8 மில்லிமீட்டர் கேசட்டுகள். இதற்கும் ஃபயர்வயர்தானா?

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

வீடியோ8, ஹை8 இரண்டும் அனலாக். டிஜிட்டல்8 மட்டும் டிஜிட்டல், 1999-இல் சோனி கொண்டுவந்தது. மூன்றும் ஒரே அளவுக் கேசட், எனவே உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய அனலாக் கேசட்டையும் படித்து ஃபயர்வயர் வழியே டிஜிட்டலாக அனுப்பும். அப்படி ஒன்று இரவல் கிடைத்தால் மூன்று வகைக்கும் ஒரே தீர்வு. எல்லா மாடலும் செய்யாது என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துபாயில் விற்றது பால் கேமராதான், நம் ஊர்க் கருவியில் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் என்டிஎஸ்சி, அதற்கு அந்த முறையில் ஓடும் கேமராவே வேண்டும்.

வி.எச்.எஸ்.ஸுக்கு டெக், நல்ல யுஎஸ்பி கேப்ச்சர் கருவி இரண்டும் வேண்டும். மிக மலிவான குச்சிகளில் ஒலி ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாகப் போகும். தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வயரை விட்டு அதில் எடுங்கள்.

புளியரை மீட்டர்கேஜ்

எல்லாம் சரி, ரயில் என்னவாயிற்று?

செங்கோட்டை வாசி

ரயில் கேசட்டையும் ஏற்றிவிட்டேன். பாலம் இருக்கிறது. பகவதிபுரம் தாண்டி வளைவில் முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின் என்று முழு வண்டியும் தெரிகிறது. ஒரு குறை. அப்பா அதன்மேல் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டார். ரயில் சத்தம் துளியும் கேட்கவில்லை.

புளியரை மீட்டர்கேஜ்

வயிற்றெரிச்சல். ஒய்டிஎம்-4 எஞ்சின் இரண்டு சேர்ந்து ஏற்றத்தில் முக்குகிற சத்தத்துக்கு ஈடாக எந்தப் பாட்டைப் போடுவது?

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

அவசரப்படாதீர்கள். பாட்டைக் கேமராவிலேயே 'ஆடியோ டப்' பொத்தானை அழுத்திச் சேர்த்திருந்தால் அசல் ஒலி அழியவில்லை. மினிடிவியில் ஒலியை 16 பிட்டிலும் பதியலாம், 12 பிட்டிலும் பதியலாம். 12 பிட்டில் நான்கு தடங்களுக்கு இடமுண்டு. எடுக்கும்போது கேட்ட சத்தம் முதல் ஜோடியில் போகும். பிறகு சேர்ப்பது இரண்டாவது ஜோடியில் போகும். முதல் ஜோடியை அது தொடாது. கேமரா மெனுவில் ஒலிக் கலவை என்பதில் இப்போது 'எஸ்டி2' பக்கம் தள்ளியிருக்கும். 'எஸ்டி1' பக்கம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஃபயர்வயரில் எடுத்த கோப்பிலும் இரண்டு ஜோடியும் உள்ளே இருக்கும். சாதாரண பிளேயர் ஒன்றை மட்டும் வாசிக்கும். கோப்பை மூல டிவி (DV) வடிவத்துக்கு மாற்றி எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற மென்பொருளில் திறந்தால் இரண்டு ஒலித்தடங்கள் தனித்தனியாகத் தெரியும். மறுபடியும் கேசட்டை ஓட்டத் தேவையில்லை.

செங்கோட்டை வாசி

இருக்கிறது! மெனுவில் மாற்றியதும் பாட்டு நின்று ரயில் வந்துவிட்டது. பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறுவதுகூடக் கேட்கிறது. நடுவில் அப்பா யாரையோ 'குறுக்கே வராதே' என்று அதட்டுகிறார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன், அதட்டு வாங்கியவன் நான்தானாம்.

புளியரை மீட்டர்கேஜ்

பாட்டில்லாத பிரதி எனக்கு ஒன்று வேண்டும். யூடியூபில் ஏற்றும் எண்ணம் உண்டா?

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

ஏற்றினால் அசல் டிவி (DV) கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து ஏற்றுங்கள். பிரதியில் கோடு பிரித்த படத்தை நொடிக்கு 50 முழுப் படங்களாக மாற்றுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற வடிகட்டி போதும். 25 ஆகச் சுருக்கினால் மாமாவின் விசிடி கதைதான். பால் முறை டிவி (DV) கோப்பில் கீழ்க்கோடு முதலில் வரும், அதை மாற்றிக் கொடுத்தால் ரயில் முன்னும் பின்னும் உதறும். அசல் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

புளியரை மீட்டர்கேஜ்

அந்த வேறு வீடு என் வீடாக இருக்கட்டும். ஞாயிறு காலை செங்கோட்டைக்கு வருகிறேன், டிஸ்க் நானே கொண்டுவருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்

கொண்டுபோகும்முன் டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள் ஐயா. பழைய ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.